மலையகத்தில் ஓர் ஊர்காண் நடை



ஊரைக் கால்நடையாகச் சுற்றிக் காண்பது தமிழருக்குப் புதிய பழக்கம் அன்று. சிலப்பதிகாரத்திலே ‘ஊர்காண் காதை’ என்று ஒரு காதையே உண்டு. கண்ணகியை மதுரையின் புறஞ்சேரியில் இருத்திவிட்டுக் கோவலன் நகருக்குள்ளே போகிறான். பொன் விற்கும் வீதி, மணி விற்கும் வீதி, அறுவை விற்கும் வீதி, கூலம் விற்கும் வீதி என ஒவ்வொன்றாகக் கண்டு மீள்கிறான். இன்றும் மதுரைக்குச் செல்பவர் கோயிலைச் சூழ்ந்த ஆடி வீதியில் தொடங்கி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று உள்ளிருந்து வெளியே நடந்து வருவாராயின், அந்நகரம் எவ்வாறு வளர்ந்தது என்பதை நூலொன்றின் துணையுமின்றி அறிந்துகொள்ளலாம். வாகனத்தில் செல்பவனுக்கு வீதி என்பது கடந்துபோகும் வழி மட்டுமே. நடப்பவனுக்கோ அது படித்துப் பார்க்கவேண்டிய ஏடு. வாசலின் அகலமும், திண்ணையின் உயரமும், கிணறு இருக்கும் இடமும், கோயில் எந்தத் தெருவை நோக்கி நிற்கிறது என்பதும் அந்த ஏட்டில் உள்ள எழுத்துக்கள்.

இவ்வாறு நடந்து படிப்பதற்கு அரண்மனையும் அகழியும் உள்ள பழைய தலைநகரந்தான் வேண்டுமா? கோபுரமில்லாத, கோட்டையில்லாத, கல்வெட்டு ஒன்றுகூட இல்லாத ஓரிடத்தை இதே கண்கொண்டு பார்த்தால் என்ன தெரியும்? அத்தகைய ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்வதே இவ்வுரையின் நோக்கம். அவ்விடம் நுவரெலியா மாவட்டத்தில் உள்ள டயகம.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குச் சென்று, மேலும் ஏறினால் டயகம வரும். கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். ஒரு பக்கத்தில் ஹோட்டன் சமவெளியின் காடடர்ந்த மலைச் சுவர் எழுந்து நிற்கிறது. அப்பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் ஆக்ரா ஓயாவின் நீர் முடிவில் மகாவலியோடு கலக்கிறது. எங்கு நோக்கினும் தேயிலை. அதன் நடுவே ஒரு சிறிய கடைவீதி, ஒரு தொழிற்சாலை, ஒரு கோயில், வரிசை வரிசையாகத் தகரக் கூரைகள். பயணிகள் பெரும்பாலும் இவற்றை ஒரு பச்சை ஓவியத்தின் ஓரத்தில் விழுந்த சிறு கோடுகளாகவே கண்டு செல்கின்றனர். ஆனால் இறங்கி நடப்பவருக்கு இக்கோடுகள் ஒரு நகரத்தின் வரைபடமாக மாறிவிடுகின்றன.

நகரம் என்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் நகரத்தின் இலக்கணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். திட்டமிட்டு வகுத்த குடியிருப்பு வேண்டும், தொழில் வேண்டும், வீதி வேண்டும், மக்கள் கூடும் முற்றம் வேண்டும், தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் பிறந்து வாழ்ந்து மறைந்தோர் வேண்டும். இவை அனைத்தும் மலையகத் தோட்டங்களில் உண்டு. இல்லாதது ஒன்றே: இவ்வீதிகளின் வரலாற்றை எவரும் கல்லில் பொறிக்கவில்லை. ஆதலால் இங்கே நடப்பவர் கல்வெட்டைத் தேடாமல், கட்டடங்கள் நிற்கும் நிலையையும், மக்கள் வாய்ச்சொற்களையும் கொண்டே படிக்கவேண்டும்.

முதலில் கடைவீதியில் தொடங்குவோம். மலையகத்தில் கடைவீதிகள் பெரும்பாலும் தோட்ட எல்லைக்கு அப்பால், பொதுப்பாதையின் ஓரத்திலேயே அமைந்தன. இதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து நிலம் கம்பனிக்கு உரியது. அதனுள்ளே வணிகன் தன் விருப்பப்படி கடை வைத்தல் இயலாது. ஆகவே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஆகிய வணிகர்கள் பாதையோரத்துக் கீற்று நிலத்தில் அடுத்தடுத்துக் கடை வைத்தனர். சம்பள நாளில் இங்கேதான் கூட்டம் கூடும். புடவைக் கடையும், அடகுக் கடையும், தேநீர்க் கடையும், முடிதிருத்தும் நிலையமும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். இவ்வளவு பரந்த மலைநாட்டில் கடைகள் மட்டும் ஏன் இவ்வாறு நெருங்கி நிற்கின்றன என்று வியப்பவர்க்கு, அந்நெருக்கமே விடை கூறுகிறது. தொழிலாளி தன் காசைத் தானே செலவிடக்கூடிய இடம் அந்தக் கீற்று மட்டுமே.

கடைவீதியை விட்டு நீங்கித் தோட்டத்துப் பாதையில் கால் வைத்த உடனே நாம் வேறோர் ஆட்சிக்குள் புகுகிறோம். மதுரையின் மாசி வீதியில் நடக்க எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. தோட்டத்துப் பாதையோ நெடுங்காலம் தனியார் வழியாகவே இருந்தது. துரையின் இசைவின்றி உள்ளே வருபவர்மீது அத்துமீறிப் புகுந்தார் என்ற குற்றம் சுமத்த இயலும். தம் சொந்த உறவினரைக் காண வருபவரும் ஐயத்துக்குரியவரானார். தொழிற்சங்கம் பேச வருபவர் வழக்கு மன்றத்துக்குச் செல்ல நேர்ந்தது. தஞ்சையிலிருந்து 1919ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த கோ. நடேசையர், தொழிலாளரின் நிலையை நேரில் அறியும்பொருட்டுப் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்றார் என்பது மலையக வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. புடவை மூட்டை இல்லாவிடில் பாதை திறந்திராது. அவ்வாறு நடந்து கண்டவற்றின் பயனாகவே, பின்னர் 1931இல் அவர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒன்றை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டிசைத்து மக்களை விழிப்புறச் செய்தார். ஆகவே இம்மலைகளில் ‘ஊர் காணல்’ என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரு காலத்தில் அது போராடிப் பெறவேண்டிய உரிமையாக இருந்தது.

இனிப் பாதையிலே நின்று சுற்றிலும் நோக்குவோம். தோட்டத்தின் அமைப்பு ஓர் ஒழுங்கைக் காட்டும். மேட்டிலே, மரங்கள் சூழ, புல்வெளியும் பூந்தோட்டமும் உடைய பங்களா. அதிலிருந்து மலைகளைப் பார்க்கலாம். மலைகளிலிருந்தும் பங்களாவைப் பார்க்கலாம். நீரோடைக்கு அண்மையில் தொழிற்சாலை. தோட்டத்து வழக்கில் ‘ஸ்டோர்’. மின்சாரம் பரவுவதற்கு முன்பு ஓடையின் நீர் சக்கரத்தைச் சுழற்ற, அச்சக்கரம் பொறிகளை இயக்கியது. அதனாலேயே பழைய தொழிற்சாலைகள் பல நீருக்கு அருகே நிற்கின்றன. பல மாடிகளும், மாடிதோறும் நீண்ட சாளர வரிசைகளும் எதற்கென்றால், பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டுவதற்கு. வாடிய கொழுந்து உருட்டப்பட்டு, புளித்து நிறம் மாறி, சூட்டில் காய்ந்து, சலித்துத் தரம் பிரிக்கப்பட்டுப் பெட்டிக்குப் போகிறது. கொழுந்துக்குக் காற்று வேண்டும் என்று அத்தனை சாளரங்கள் வைத்தவர்கள், அதைப் பறித்தவர்களின் அறைக்கு ஒரு சாளரம்கூட வையாதது ஏன் என்ற வினா, இங்கே நடப்பவர் உள்ளத்தில் தானே எழும்.

பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே எழுத்தர், கணக்கப்பிள்ளை முதலியோரின் விடுதிகள். அவற்றுக்கும் அப்பால், பள்ளத்திலோ சரிவிலோ, லயங்கள். உயரத்தை வைத்தே பதவியைக் கூறிவிடலாம். தோட்டத்தின் பிரிவுகளை மக்கள் ‘கணக்கு’ என்பர்: மேல் கணக்கு, பணியக் கணக்கு என்று. பணிய என்றால் கீழே. ஊரின் பகுதிக்குக் கணக்கு என்று பெயர் வந்ததைக் கவனியுங்கள். தெருவுக்கு மன்னன் பெயரோ, குலத்தின் பெயரோ, தெய்வத்தின் பெயரோ வையாமல், ஏட்டிலே எழுதும் தொகைக்குரிய பெயரை வைத்திருக்கிறார்கள். லயத்தின் பெயரும் அவ்வாறே: மேட்டு லயம், பணிய லயம், எட்டுக் காம்பரா லயம், இருபது காம்பரா லயம். நெடுங்காலம் தொழிலாளியின் முகவரியும் தோட்டத்தின் பெயரோடு நின்றுவிட்டது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து ஆள்வழியாக லயத்துக்குப் போகும். கதவில் இலக்கம் இல்லாத வீதிக்குக் கடிதம் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை, அங்கிருந்து அயலூருக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகளைக் கேட்டால் கூறுவார்கள்.

இப்பொழுது லயத்தின் முன் நிற்கிறோம். நீண்ட ஒரே கட்டடம். அதற்கு ஒரே கூரை. அதன்கீழ் அடுத்தடுத்து அறைகள். அறையொன்று பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. ஒரு குடும்பத்தின் சமையலும், உறக்கமும், பிள்ளைப்பேறும், நோயும், விருந்தும், மரணமும் அதற்குள்ளே. ஒற்றை லயத்தில் அறைகள் ஒரே வரிசையாக அமையும். இரட்டை லயத்தில் இரு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும், நடுச்சுவர் பொது. பின்பக்கத்து வீட்டுக் குழந்தையின் இருமல் முன்பக்கத்து வீட்டாரின் உறக்கத்தைக் கலைக்கும். தொடக்கத்தில் மண்ணும் புல்லும் கொண்டு எழுந்த இக்கட்டடங்கள் பின்னர்க் கருங்கல்லும் தகரமுமாயின. அளவும் அமைப்பும் பெரிதாக மாறவில்லை.

லயத்தின் உறுப்புகளுக்கு மக்கள் வழங்கும் சொற்களே ஒரு வரலாற்றுப் பாடம். அறையைக் ‘காம்பரா’ என்கிறார்கள். அது போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. முன்தாழ்வாரத்தை ‘இஸ்தோப்பு’ என்கிறார்கள். அது ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. ‘லயம்’ ஆங்கிலேயர் கூறிய வரிசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இலங்கையை அடுத்தடுத்து ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரின் மொழிகளும் ஒரு தொழிலாளியின் 120 சதுர அடிக்குள் ஒதுங்கியிருக்கின்றன. ஆனால் அவ்வறையின் முன்னே உள்ள வெளிக்கு மட்டும் அவர்கள் தம் சொந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அது ‘வாசல்’.

இந்த வாசலைப் பற்றியே நான் சிறப்பாகக் கூற விரும்புகிறேன். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும், செட்டிநாட்டு வளவிலும் முற்றம் வீட்டின் நடுவே இருக்கிறது. வானம் வீட்டுக்குள்ளே இறங்கி வருவதுபோல அது அமைந்திருக்கும். வெளியார் கண் படாத அம்முற்றத்தில் நெல் காயும், திருமணப் பந்தல் எழும், மூதாட்டி சாய்ந்திருப்பாள். லயத்துக்கு அத்தகைய உள்முற்றம் இல்லை. கட்டியவர்கள் முற்றத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. இரு லய வரிசைகளுக்கு இடையே நடப்பதற்கும் மழைநீர் ஓடுவதற்கும் ஒரு வெளியை விட்டனர், அவ்வளவே. மக்கள் அதைச் சாணமிட்டு மெழுகினர், கோலமிட்டனர், ஓரத்தில் செவ்வந்தி நட்டனர், தைப்பொங்கலன்று அங்கே அடுப்பு மூட்டினர். பெண்ணுக்குச் சடங்கென்றாலும், மணமென்றாலும், பிணமென்றாலும் அந்த வாசலிலேயே நடந்தது. ஒரு வீட்டுக்கென்று அமையாததால் அது எல்லா வீட்டுக்கும் உரியதாயிற்று. வடிகாலாக விட்ட நிலத்தை ஊரின் நடுமன்றமாக மாற்றியது இம்மக்களின் கைத்திறன். ஒரு நகரத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டால், கல்லடுக்கியவரை மட்டும் கூறுதல் போதாது. அக்கல்லுக்கு இடையே வாழத்தக்க வெளியை உண்டாக்கியவரையும் கூறவேண்டும்.

வாசலிலிருந்து கிளைக்கும் ஒற்றையடிப் பாதைகள் நம்மை வேறு சில இடங்களுக்கு இட்டுச் செல்லும். ஒன்று பீலிக்கரைக்குப் போகும். மலையூற்றை மூங்கிலாலோ குழாயாலோ இறக்கி விழச்செய்த நீர்த்தாரை பீலி எனப்படும். ஊர்க்கிணற்றடிக்கு உள்ள பெருமையெல்லாம் இங்கே பீலிக்கரைக்கு உண்டு. செய்தி பிறக்கும் இடமும் அதுவே, பூசல் பிறக்கும் இடமும் அதுவே. மற்றொரு பாதை பெரட்டுக் களத்துக்குப் போகும். விடியற்காலையில் தப்பு முழங்க, தொழிலாளர் வந்து நின்று, இன்ன மலைக்கு இன்னார் என்று வேலை பிரிக்கப்படும் இடம் அது. ‘பெரட்டு’ என்ற சொல் படைவீரரின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். அக்களத்தின் அமைப்பும் அதற்கேற்றதே. நிற்பதற்கு இடம் உண்டு, அமர்வதற்கு இல்லை. இன்னும் ஒரு பாதை பிள்ளைக் காம்பராவுக்குச் செல்லும். கொழுந்துக்குப் போகும் தாய், கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டு, படங்கைக் கட்டி, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறாள். லயம், பிள்ளைக் காம்பரா, பெரட்டுக் களம், மலை, ஸ்டோர், மீண்டும் லயம்: இதுவே அவளுடைய அன்றாட ஊர்காண் நடை. நாம் ஒரு நாள் நடந்து களைத்துப்போகும் ஏற்றத்தை அவள் நாள்தோறும் பச்சைக் கொழுந்தின் சுமையோடு ஏறி இறங்குகிறாள்.

இவ்வளவும் வேலைக்கென்று வகுத்த வழிகள். மக்கள் தமக்கென்று வகுத்த வழிகளும் உண்டு. அவை தெய்வங்களைச் சுற்றியே அமைந்தன. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மாரியம்மனோ முருகனோ கோயில் கொண்டிருத்தல் வழக்கம். அதுவன்றி, தொழிற்சாலையின் சக்கரத்துக்கு அருகே ரோதை முனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச் சாமி. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. கையை இழுத்துக்கொள்ளும் பொறிக்கும், காலை வெட்டிவிடும் கத்திக்கும் அஞ்சியவர்கள், அவ்விடத்திலேயே ஒரு காவல் தெய்வத்தை நிறுத்தினர். விபத்து எங்கெங்கே நேர்ந்தது என்பதை இச்சிறு கற்களைக் கொண்டே அறியலாம்.

மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும். அமாவாசைக்குப் பின் காமன் பொட்டலில் கம்பம் நட்டு, பௌர்ணமியை ஒட்டி மதனை எரிக்கும் வரையில் பல நாட்கள் அது நீளும். ரதியும் மதனும் வேடம் பூண்டவர்கள் தப்பொலியோடு லயந்தோறும், வாசல்தோறும் ஆடிச் செல்வார்கள். கோவலன் மதுரையின் வீதிகளைக் கண்டதுபோல, அவர்களும் தம் ஊரின் வீதி ஒன்றையும் விடாமல் மிதித்து வருகிறார்கள். துரையின் வரைபடத்திலே லயங்கள் வேலையாட்களை வைக்கும் கூடங்கள். கூத்தின் வழியிலே அவையே தெருக்கள். ஒவ்வொரு வாசலும் ஓர் அரங்கு. ஓரிடத்துக்கே உள்ள இந்த இரு வரைபடங்களும் நடப்பவர்க்கு மட்டுமே ஒருங்கே புலப்படும்.

கண்ணுக்குத் தெரிவதைக் கூறினேன். தெரியாததையும் கூறவேண்டும். இவ்வூரை அமைத்தவர்கள் இங்கே வந்து சேர்ந்ததே ஒரு பெருநடை. கோப்பிப் பயிர்ச் செய்கைக் காலத்திலே தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள், தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர் பலர். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவத்தில் வந்து மீண்டவர்கள், ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலைக்காகக் குடும்பத்தோடு தங்கிவிட்டனர். லயம் நிலையான குடியிருப்பானது அவ்வாறே. இரயில் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. பிற்காலத்தில் வந்தவர்கள் தாம் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் தகர வில்லையை அணிந்து வந்தனர். அதில் இலக்கம் இருந்தது, பெயர் இல்லை.

அவர்கள் புதைந்த இடங்களைத் தேடி நடந்தால், பெரும்பாலும் தேயிலைச் செடியையே காண்போம். கல்லறை எழுப்பும் வசதி அன்று அவர்களுக்கு இல்லை. உரிமைக்காக உயிர் ஈந்தோரின் நினைவும் அவ்வாறே வாய்மொழியில் நிற்கிறது. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். டயகமவிலேயே, 1956ஆம் ஆண்டு தொழிற்சங்க உரிமைக்காக நடந்த வேலைநிறுத்தத்தின்போது, ஏபிரகாம் சிங்கோ என்ற சிங்களத் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். தமிழ்த் தொழிலாளர் பெருகிய ஒரு தோட்டத்தின் தியாகிகள் வரிசையில் ஒரு சிங்களவரின் பெயர் நிற்பது, இம்மலைகளின் வரலாற்றை இனப்பெயரால் மட்டும் அளந்துவிட முடியாது என்பதற்குச் சான்று.

லயத்தின் சில கதவுகள் வேறொரு கதையைக் கூறும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 9,75,000 பேரை எண்ணிக்கையாக வைத்துக்கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவ்வெண்கள் லயத்துக்குள் வந்தபோது, அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த அண்ணனும் தம்பியும் இரு நாட்டவராயினர். கோச்சியில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் சென்றவர்களுள் பலர், நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைக்கே வந்து சேர்ந்தனர். 1968இல் தமிழ்நாட்டு அரசு அவர்களுக்கென்றே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. நாடற்றோர் என எஞ்சியவர்களின் நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே தீர்ந்தது. ஆகவே லயத்து வாசலில் மூதாட்டி ஒருத்தி, “இந்தக் காம்பராக்காரங்க கூடலூருல இருக்காங்க” என்று கூறினால், ஒரு வீதி கடலைக் கடந்து நீண்டிருக்கிறது என்று பொருள்.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். லயங்கள் இடிக்கப்பட வேண்டியவை. இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஒழுகும் கூரைக்கும், புகை சூழ்ந்த காம்பராவுக்கும், மண் சரியும் சரிவுக்கும் பழமையின் பெயரால் எவரும் பாராட்டுக் கூறலாகாது. 2015க்குப் பின் வந்த திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் தனி வீடும் என்பது அளவாயிற்று. 7 பேர்ச் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 120 சதுர அடிக்கு உரிமையே இல்லாமல் வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய மாற்றம். இந்திய அரசின் உதவியால் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. ஆயினும் புதிய வீட்டுக்காக இன்னும் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

லயம் போகட்டும்; ஆனால் லயத்தோடு சேர்ந்து அதன் அறிவும் போய்விடக்கூடாது. எந்தக் காம்பராவில் யார் இருந்தார், எந்தப் பீலிக்கு என்ன பெயர், எந்த மேட்டில் காமன் எரிந்தான், எந்தச் சரிவில் முன்னோர் புதைந்தனர் என்பன எந்த அலுவலகத்து ஏட்டிலும் இல்லை. அவை இன்று முதியோர் சிலரின் நெஞ்சில் மட்டுமே உள்ளன. சுவர் இடிந்தபின் அவர்களுக்கும் சுட்டிக்காட்ட இடமிராது. மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டி 1983இல் நூலாக்கினார். பாட்டுக்கு அவர் செய்ததை வீதிக்கும் வாசலுக்கும் செய்ய இனி ஆட்கள் வேண்டும்.

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. பாடசாலை மாணவர் தம் ஆசிரியரோடு ஒரு சனிக்கிழமை காலையில் புறப்படலாம். மழைக்குக் குடையும், அட்டைக்கடிக்கு உப்பும், எழுதுவதற்கு ஒரு கொப்பியும் போதும். கடைவீதியிலிருந்து தொடங்கி, லயத்துக்கு லயம் காம்பராக்களை எண்ணி, வரைபடம் ஒன்று கீறலாம். வாசலில் காலை வைக்குமுன் குரல் கொடுத்து அனுமதி கேட்கவேண்டும். அது அருங்காட்சியகம் அன்று, குடியிருக்கும் வீடு. படமெடுக்க விழைவோர் முதலில் அமர்ந்து, அவர்கள் தரும் சாயத் தண்ணீரைப் பருகி, பெயரைக் கேட்கட்டும். இலக்கத்தால் அறியப்பட்டவர்களின் மக்களுக்கும் பேரர்களுக்கும் நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை பெயர் கேட்பதே. அப்பெயரை வரைபடத்தில் அக்காம்பராவின்மேல் எழுதவேண்டும். அவ்வாறு எழுதிய தாள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்று இருந்தால், புதிய வீடுகளுக்கிடையே புதிய தெருக்கள் எழும்போது, அவற்றுக்குப் பெயர் தேடி எங்கும் போகவேண்டியிராது.

முன்னோர் நடந்த வழியை நடந்தே நினைவுகூர்தல் இம்மக்களுக்கு இயல்பாக அமைந்துள்ளது. அவர்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு நடைபவனி, ஆகஸ்டு மாதத்தில் மாத்தளையை அடைந்தது. பழைய தடத்தில் பேரர்களின் கால்கள் மீண்டும் பதிந்தன. அந்நடை மாத்தளையோடு நின்றுவிடலாகாது. அங்கிருந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும், ஒவ்வொரு லயத்துக்கும், ஒவ்வொரு வாசலுக்கும் அது தொடரவேண்டும். டயகமவுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டும் நேயர்கள், கடைவீதியில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து மேலே நடந்து பாருங்கள். மதுரையின் வீதியைப் படிக்கக் கற்ற கண்ணுக்கு, பணிய லயத்தின் வாசலையும் படிக்கத் தெரியவேண்டும்.